அத்தியாயம் 7: ஊர்ப் பாதுகாப்பில் உள்ளாட்சியின் பொறுப்பு

பொழுது சாய்ந்தபின் சானல்கரை வழியாகப் பெண்பிள்ளையை டியூஷனுக்குத் தனியே அனுப்ப யோசிக்காத வீடு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குறைவு. கலுங்கில் உட்கார்ந்து குடிப்பவர்கள், பள்ளிக்கூடத்தை ஒட்டிய பெட்டிக்கடையில் ஒளித்து விற்கும் புகையிலை, பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் பின்னால் கைமாறும் கஞ்சா, இரவோடு இரவாக ரப்பர் தோட்டத்து ஓரம் கொட்டப்படும் கோழிக்கழிவு என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைவலி உண்டு. வார்டு உறுப்பினரிடம் சொன்னால் “அது போலீஸ் பார்க்க வேண்டிய விஷயம்” என்பார். காவல் நிலையத்தில் சொன்னால் “முதலில் பஞ்சாயத்தில் லைட் போடச் சொல்லுங்க” என்பார்கள். இரண்டு பதில்களிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை எப்படிப் பெறுவது என்பதே இந்த அத்தியாயம்.

உள்ளாட்சிக்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. ஆனால் தவறு நடக்கத் தோதான இடத்தை மாற்றியமைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அதிகாரமுள்ள துறையைக் கேள்வி கேட்டு, வந்த பதிலைப் பதிவேட்டில் ஏற்றும் வாய்ப்பும் உண்டு. வாய்ப்பேச்சாகச் சொன்ன புகார் அன்றோடு மறைந்துவிடும். தேதியோடு பதிவான புகாருக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1. உங்கள் ஊர் எந்த உள்ளாட்சியில் இருக்கிறது?

இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அலைந்தவர்கள் பலர். நம் மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்களில் 95 ஊராட்சிகள் உள்ளன. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானது. அதில் 52 வார்டுகள். பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு போன்றவை நகராட்சிகள். இவை போக, பேரூராட்சிகள் மிக அதிகமாக உள்ள மாவட்டம் இது. பார்வைக்குக் கிராமமாக இருக்கும் பல ஊர்கள் சட்டப்படி பேரூராட்சிகள்.

*ஊராட்சி என்றால்:* உங்கள் மேடை கிராம சபை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது 2022 முதல் உள்ள ஏற்பாடு. கடைசியாகச் சொன்ன நாள் உள்ளாட்சி தினம். 1956-இல் இதே நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் கிராம சபையில் பேசலாம். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் பக்கம் பெரிய ஊராட்சிகளே அதிகம் என்பதால் ஆள் சேர்ப்பதும் உங்கள் வேலையில் அடக்கம்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர் நாற்காலியில் யாரும் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. அது தலைவரின் சபை அல்ல, வாக்காளரின் சபை.

*பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால்:* கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர் வழியாக மாமன்ற அல்லது மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவை கூட வேண்டும் என்பது விதி. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று எழுத்தில் கேளுங்கள். கூடவில்லை என்றால் அதையே உங்கள் முதல் மனுவாக்குங்கள்.

2. எது யார் கையில்?

ஒரே இடத்தில் நடக்கும் ஒரே தொந்தரவுக்குள் நான்கு துறைகள் இருக்கும். அவற்றைப் பிரித்து எழுதுவதே பாதி வேலை.

- தெருவிளக்கு, புதர் வெட்டுதல், ஊராட்சிச் சாலை, வடிகால், பொதுக்கழிப்பறை, சந்தை, பேருந்து நிலையம், கடை உரிமம்: உள்ளாட்சி.
- சானல்கரை, குளத்தங்கரை: பெரும்பாலும் நீர்வளத் துறை. ஆக்கிரமிப்பு, நில அளவை: வருவாய்த் துறை, கிராம நிர்வாக அலுவலர்.
- பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை: காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆவது பிரிவு இதற்கென்றே உள்ளது. 24 மணி நேரம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.
- கள்ளச் சந்தை மது, கஞ்சா: மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு. கட்டணமில்லா எண் 10581.
- பள்ளியருகே புகையிலை: கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காவல்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சோதனை செய்யலாம். கடையின் உரிமம் உள்ளாட்சியிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.
- அவசரம் என்றால் 112 அல்லது 100. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

3. இரவு நடை

மனு எழுதுமுன் இடத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் இருட்டிய பிறகு. ஐந்தாறு பேர் சேர்ந்து போங்கள். அந்த வழியை அன்றாடம் பயன்படுத்தும் பெண்கள் இருவராவது அதில் இருக்க வேண்டும். எங்கே பயம் தட்டுகிறது என்பதை அவர்களைவிடச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது.

நாஞ்சில் நாட்டின் எந்தச் சானல்கரையிலும் இதைச் செய்து பார்க்கலாம். பேருந்து இறங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். மின்கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறதா, மின்னி மின்னி அணைகிறதா, எரிந்தும் தென்னையோலை மறைக்கிறதா? மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. கலுங்கு வந்ததும் நின்று கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த பாட்டில்கள், பிளாஸ்டிக் தம்ளர்கள், ஊறுகாய்ப் பாக்கெட் உறைகள் கிடந்தால் ஆள் இல்லாத நேரத்திலும் அந்த இடம் என்னவாகப் பயன்படுகிறது என்பது தெரிந்துவிடும். பழைய தூசி படிந்த பாட்டிலா, நேற்றையதா என்று பாருங்கள். அடுத்து இடவழி. இரண்டு பக்கமும் மதில், நடுவில் வளைவு, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அங்கே ஒரு விளக்கு வந்தால் போதுமா, மதிலோரப் புதரையும் வெட்ட வேண்டுமா என்று எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள், கதவு இல்லாத பொதுக்கழிப்பறை, கம்பத்தில் இருக்கும் கேமரா ஆகியவற்றையும் குறியுங்கள். அந்தக் கேமரா வேலை செய்கிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கும், பராமரிப்பது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாவிட்டால் அதை வெறும் பொம்மை என்றே கணக்கில் எடுங்கள்.

ஆட்களைப் படம் எடுக்காதீர்கள், விரட்டாதீர்கள், வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் பார்க்க வந்தது இடத்தை. ஒரு தாளில் கம்ப எண், நேரம், குறை என மூன்று பத்திகள் போட்டு எழுதிவிட்டுத் திரும்புங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கிழமையில், இன்னொரு நேரத்தில் திரும்பவும் போங்கள்.

4. தீர்மானம் எழுதும் விதம்

“ஊரில் சமூக விரோதச் செயல்கள் பெருகிவிட்டன, நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்ற தீர்மானத்தால் பயன் இல்லை. யார், எதை, எங்கே, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

*“4ஆவது வார்டு சானல்கரைச் சாலையில் பேருந்து நிறுத்தம் முதல் அங்கன்வாடி வரையுள்ள 6 மின்கம்பங்களில் 4-இல் விளக்கு எரியவில்லை (கம்ப எண்கள் இணைப்பில்). மாலை 6.30 முதல் 9 மணி வரை கலுங்கில் மது அருந்துவோரால் டியூஷன் சென்று திரும்பும் மாணவியரும் வேலை முடிந்து வரும் பெண்களும் அவதிப்படுகின்றனர். எனவே, (அ) 30 நாளுக்குள் விளக்குகளைச் சரிசெய்து புதர்களை அகற்ற ஊராட்சி செயலர் பொறுப்பேற்க வேண்டும். (ஆ) மேற்படி நேரத்தில் ரோந்து வருமாறு காவல் ஆய்வாளரைக் கேட்டு இத்தீர்மான நகலை அனுப்ப வேண்டும். (இ) கலுங்கின் கீழுள்ள குப்பையை அகற்ற நீர்வளத் துறைக்கு எழுத வேண்டும். (ஈ) மூன்றின் நிலையையும் அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக வைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது.”*

கடைசியில் உள்ள (ஈ)தான் முக்கியம். அது இல்லாத தீர்மானம் பதிவேட்டுக்குள்ளேயே உறங்கிவிடும். தீர்மானத்தைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டு, பதிவேட்டில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்தபிறகே வருகைக் கையெழுத்துப் போடுங்கள். நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் தர வேண்டும்.

5. மதுக்கடை விவகாரம்

2003-ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்வி நிலையம் அல்லது வழிபாட்டுத் தலத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்றப் பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. உங்கள் ஊர் எந்த உள்ளாட்சி என்று முதலில் கேட்டதன் காரணம் இப்போது விளங்கும். அளக்கும் நாடா ஒன்றே என்றாலும் தூரம் மாறிவிடுகிறது. நெடுஞ்சாலையோரக் கடைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் 500 மீட்டர் என்று சொல்லி, மக்கள்தொகை 20,000-க்கு மிகாத ஊர்களுக்கு 2017 மார்ச்சில் அதை 220 மீட்டராகக் குறைத்தது. அதே ஆண்டு பின்னர் நகர எல்லைகளுக்கு விலக்கும் தந்தது.

இந்த விஷயத்தில் நம் மாவட்டம் ஓர் உயிரைக் கொடுத்திருக்கிறது. மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி, 2015 ஜூலை 31 அன்று செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் அன்றே உயிரிழந்தார். சேலம் மாவட்டத்திலிருந்து வந்து நம் ஊருக்காக நின்றவர் அவர். அந்தப் பேரூராட்சியின் தலைவரும் போராட்டத்தில் உடன் இருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உள்ளாட்சித் தலைவரின் சொல், ஒரு கடையை நகர்த்தப் போதவில்லை. அதற்காக ஒரு பெரியவர் கோபுரம் ஏற வேண்டியிருந்தது. இனி நம் மாவட்டத்தில் ஒருவருக்கும் அந்த நிலை வரக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கிராம சபை அல்லது மன்றத் தீர்மானம் கடையைத் தானாக மூடிவிடாது என்பதைத் தெரிந்துகொண்டே தீர்மானம் போடுங்கள். மூடும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடமும் டாஸ்மாக்கிடமும் இருக்கிறது. தீர்மானம் உங்கள் முதல் ஆவணம். தூரத்தை நில அளவரைக் கொண்டு அளக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அந்த அறிக்கை இரண்டாவது. கடையைச் சுற்றி நடந்த தகராறுகளுக்காகக் காவல் நிலையத்தில் பெற்ற சி.எஸ்.ஆர். (புகார் ஏற்பு) ரசீதுகள் மூன்றாவது. பள்ளித் தலைமையாசிரியர் அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கடிதம் நான்காவது. இந்த நான்கோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைப் பதியுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நேர்ந்தாலும் இதே கட்டுத்தான் உங்களுக்காகப் பேசும்.

6. இரவில் கொட்டப்படும் கழிவு

எல்லையோர ஊர்களுக்கு இது தனிப் பிரச்சினை. கேரளத்திலிருந்து வரும் இறைச்சி, மருத்துவக் கழிவுகள் நம் ஓடைகளிலும் தோட்ட ஓரங்களிலும் கொட்டப்படுவது நெடுநாள் புகார். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைக் கேரள அரசே திரும்ப எடுத்துச் செல்லும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. அதற்குக் கைகொடுத்தது குவியலில் கிடைத்த காகிதங்கள். நோயாளிச் சீட்டும் மருத்துவமனைப் பெயரும் அவற்றில் இருந்தன. எனவே கழிவைப் பார்த்ததும் ஆத்திரத்தில் தீ வைக்காதீர்கள். சாட்சியம் அதோடு எரிந்துவிடும். தொடாமல் படம் எடுத்து, வண்டி எண் கிடைத்தால் குறித்து, உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்கும் காவல்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரையும் தடுப்புக் காவலில் வைக்கும்படி 2025-இல் குண்டர் சட்டம் திருத்தப்பட்டுள்ளது.

7. கொடை, திருவிழா, ஒலிபெருக்கி

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது 2000-ஆம் ஆண்டு விதி. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு.

விதி எல்லோருக்கும் ஒன்றே. கோயிலுக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று என்று புகார் எழுதத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை 1982-இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தில் பார்த்துவிட்டோம். அந்தக் கலவரத்தை நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் கடற்கரை ஊர்களுக்கு வந்து அமைதிப் பணி செய்தார். கலவரத்துக்குப் பின் கூடும் அமைதிக் குழுவைவிட, விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கூடும் குழு மேல். ஊர்த் தலைவர், பங்குப்பேரவை, ஜமாத், வார்டு உறுப்பினர், காவல் ஆய்வாளர் எல்லோரையும் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஊர்வலப் பாதையையும் ஒலிபெருக்கி நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கும்படி கேளுங்கள்.

8. பதில் வராவிட்டால்

1. காவல் நிலையத்தில் புகாரைப் பெற மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன்பிறகும் நகரவில்லை என்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.
2. உள்ளாட்சி அசையாவிட்டால், ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், பேரூராட்சிகளுக்கு உதவி இயக்குநர், பிறகு ஆட்சியர். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100.
3. பொதுத்தொல்லை நீடித்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின்படி அதை அகற்றக் கோரி நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ மனுச் செய்யலாம்.
4. உள்ளாட்சியில் முறைகேடு இருந்தால் சென்னையில் உள்ள உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம்.

மூன்றாவது வழியை நம் மக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் ஒரு வார்டு மக்கள் அன்றைய 133ஆவது பிரிவின் கீழ் நடுவரிடம் போனார்கள். நகராட்சி கையில் பணம் இல்லை என்றது. 1980-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், நிதியில்லை என்பது கடமை தவறியதற்குச் சாக்காகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 152 என்பது அதே பிரிவின் இன்றைய எண். “ஃபண்டு இல்லை” என்ற பதில் வந்தால் இந்த வழக்கின் பெயரை மனுவில் எழுதுங்கள்.

9. நாம் செய்யக் கூடாதவை

ஊர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் ஊரே தண்டனை கொடுக்கத் தொடங்கினால், காப்பாற்ற வேண்டியவர்களே முதலில் அடிபடுவார்கள். கலுங்கில் உட்கார்ந்து கதை பேசும் பையன்கள் குற்றவாளிகள் அல்ல. சேர்ந்து நடந்து போகும் ஆணும் பெண்ணும் குற்றவாளிகள் அல்ல. வாடகை வீட்டில் எட்டுப் பேராக இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் அப்படியே. செயலைப் பற்றி எழுதுங்கள். சாதியையோ மதத்தையோ மொழியையோ பற்றி ஒரு வார்த்தை மனுவில் வரக் கூடாது.

1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ நல்ல நோக்கத்தில் பிறந்த அமைப்பு. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபின், அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. காவல்துறையோடு ஒத்துழைப்பது வேறு, காவல்துறையின் கையாக மாறுவது வேறு. உள்ளாட்சி முதலாவதைத்தான் செய்ய வேண்டும். காவல்துறையிடம் கணக்குக் கேட்க வேண்டிய சபை, அதன் ஏவலாளாகிவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை.

10. ஆண்டு முழுதும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இங்கிலாந்தில் 1998 முதல் ஊர்ப் பாதுகாப்புக்கு உள்ளூர் மன்றமும் காவல்துறையும் சட்டப்படி கூட்டுப் பொறுப்பு. காவல்துறையின் பங்கை மன்றத்தின் குழு ஒன்று கூடி ஆராய வேண்டும் என்று 2006-இல் ஒரு சட்டமும் வந்தது. பக்கத்துக் கேரளத்தில் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில் காவலர்கள் வீடு வீடாக வந்து ஊர்க்காரர்களோடு சமிதியாகக் கூடுகிறார்கள். நமக்கு அப்படிக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு இல்லாவிட்டாலும், சபையில் கேள்வி கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இவற்றைக் கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்:

1. சென்ற தீர்மானத்தில் சொன்ன வேலைகளில் எவை முடிந்தன? முடியாதவற்றுக்குப் பொறுப்பு யார்?
2. எத்தனை தெருவிளக்குப் புகார்கள் வந்தன? சரிசெய்ய எத்தனை நாள் ஆயிற்று?
3. காவல் நிலையத்துக்கு அனுப்பிய கடிதங்களுக்கு என்ன பதில் வந்தது?
4. பள்ளி அருகேயுள்ள கடைகளில் எப்போது சோதனை நடந்தது? எந்த உரிமமாவது நிறுத்தப்பட்டதா?
5. பேருந்து நிலையம், சந்தை, கழிப்பறை ஆகியவற்றைப் பெண்கள் இரவில் பயன்படுத்த முடிகிறதா? கடைசியாகப் போய்ப் பார்த்த அலுவலர் யார், எந்தத் தேதியில்?

முதல் கூட்டத்தில் பதில் கிடைக்காது. இரண்டாவதில் மழுப்புவார்கள். மூன்றாவது கூட்டத்துக்கும் அதே ஐம்பது பேர் அதே தாளோடு வந்து உட்கார்ந்தால் அலுவலர் கோப்பைப் பார்த்துவிட்டு வருவார். ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்பது ஆறு வாய்ப்பு. அடுத்த கூட்டத் தேதியை இப்போதே குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பாக உங்கள் முதல் இரவு நடையை வையுங்கள்.